முழம் போடும் கை

கேள்வி: என் அம்மாவுக்கு 54 வயது. நிலக்கோட்டைப் பக்கம் முப்பது வருடமாகப் பூக்கட்டி விற்கிறார். ஐந்து மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சரியாகிவிட்டது. காலும் தேறி, வீட்டுக்குள் கம்பு இல்லாமல் நடக்கிறார். கைதான் வரவில்லை. நெஞ்சு உயரத்துக்குத் தூக்குகிறார், விரல்கள் மடங்குகின்றன, ஆனால் விரிய மாட்டேன் என்கின்றன. தினமும் ரப்பர் பந்தை நூறு தடவை அமுக்க வைக்கிறோம். தோள் வலிக்கிறது என்று அழுகிறார். சாப்பாடு நான்தான் ஊட்டுகிறேன். யாராவது வந்தால் அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொள்கிறார். கொட்டாவி விடும்போது மட்டும் கை தானாக மேலே எழும்புகிறது. அது நல்ல அறிகுறியா? ஆறு மாதத்துக்குள் வராத கை அப்புறம் வராது என்கிறார்களே, உண்மையா? ஆக்குபேஷனல் தெரபி பாருங்கள் என்று ஒருவர் சொன்னார். இந்த வயதில் அம்மாவுக்குப் புதுத் தொழில் கற்றுக்கொடுப்பார்களா?

— ஒரு வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். இருபது வருடமாக ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக இருக்கிறேன். என் பெரியம்மா இன்றைக்கும் நான் எம்ப்ளாய்மென்ட் ஆபீசில் இருப்பதாகத்தான் ஊரில் சொல்லிக்கொண்டிருக்கிறார். எல்லாம் 'ஆக்குபேஷன்' என்ற பெயர் செய்கிற குழப்பம். இந்தச் சிகிச்சையில் அந்தச் சொல்லுக்குப் பொருள், ஒருவர் காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை செய்கிற அத்தனை காரியமும். பல் தேய்ப்பது, ஜாக்கெட் போடுவது, சோறு பிசைவது, பூக்கட்டுவது எல்லாம் அதில் சேரும். பிசியோதெரபிஸ்ட் மூட்டு எவ்வளவு அசைகிறது, தசையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று பார்ப்பார். அந்த அசைவை வைத்துக்கொண்டு உங்கள் அம்மா எந்த வேலையைச் செய்ய முடியும், அந்த வேலையைச் செய்தே கையை எப்படி மீட்பது என்று நாங்கள் பார்ப்போம். அம்மாவுக்குப் புதுத் தொழில் எதுவும் வேண்டாம். பழைய தொழில்தான் மருந்து. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் அந்த ரப்பர் பந்து. அதை இன்றைக்கே பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுங்கள். பக்கவாதம் என்றாலே யாராவது ஒரு பந்தை வாங்கிக் கொடுத்துவிடுகிறார்கள். கொடுக்கிறவர் மனசு நல்லதுதான், ஆனால் உங்கள் அம்மாவின் பிரச்சினை அதற்கு நேர் எதிர். அவர் கை மூடுகிறது. திறக்கத்தான் மறுக்கிறது. மூளையிலிருந்து கட்டளை சரியாக வராதபோது, மடக்குகிற தசைகள் விறைப்பேறி, விரிக்கிற தசைகளை அமுக்கிவிடுகின்றன. ஏற்கெனவே முறுக்கிக்கொண்டு நிற்கிற தசைக்கு நூறு தடவை அமுக்கும் பயிற்சி கொடுத்தால், எந்த அசைவு தேவையில்லையோ அதைத்தான் பழக்குகிறோம். வேண்டியது விரிப்பதும் விடுவதும். ஒரு டம்ளரைப் பிடிப்பதைவிட, பிடித்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டுக் கையை எடுப்பது அவருக்குக் கஷ்டமாக இருக்கும் பாருங்கள். அங்கேதான் வேலை இருக்கிறது.

மூடிய கையைத் திறக்கவும் ஒரு முறை உண்டு. விரல் நுனியைப் பிடித்து இழுக்காதீர்கள். இழுக்க இழுக்க இறுகும். முதலில் மணிக்கட்டை மெதுவாகக் கீழே மடக்குங்கள், விரல்கள் தாமாகத் தளரும். அப்புறம் கட்டைவிரலை அதன் அடியில் பிடித்து வெளிப்பக்கம் விலக்குங்கள். அதன் பிறகு மற்ற விரல்களை விரித்து, விரித்தபடியே மணிக்கட்டை நிமிர்த்தி, உள்ளங்கையை மேசைமீதோ கட்டில் விளிம்பிலோ பதித்து வையுங்கள். அவர் உட்கார்ந்தபடி அந்தக் கைமேல் கொஞ்சம் பாரம் கொடுத்து ஒரு நிமிடம் இருக்கட்டும். திறந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடையுங்கள். மூடியே கிடக்கிற உள்ளங்கையில் வியர்வை தங்கிப் புண் வந்துவிடும். நகமும் ஒட்ட வெட்டியிருக்கட்டும்.

ஆறு மாதக் கணக்குக்கு வருகிறேன். முதல் மூன்று மாதத்தில் மீட்பு வேகமாக இருக்கும், பிறகு வேகம் குறையும். இது உண்மை. வேகம் குறைவதை 'முடிந்துவிட்டது' என்று சொல்லிவிடுகிறார்கள், அது தவறு. அமெரிக்காவில் நடந்து 2006-இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வில், பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதம் ஆன 222 பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். சிகிச்சைக் குழுவில் இருந்தவர்கள் இரண்டு வாரம், விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கையில் உறை மாட்டிக்கொண்டு, பலவீனமான கையால் வேலைகளைப் பழகினார்கள். அவர்களுக்குக் கிடைத்த முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் தங்கியிருந்தது. உங்கள் அம்மா இப்போது ஐந்தாவது மாதத்தில் இருக்கிறார். கதவு மூடவில்லை.

கால் வந்தும் கை வராததற்கு அம்மாவின் சோம்பல் காரணமில்லை, உங்கள் கவனக்குறைவும் காரணமில்லை. மூளையில் கைக்கும் விரலுக்கும் ஒதுக்கிய இடம் மிகப் பெரியது. பக்கவாதம் அதிகம் தாக்கும் ரத்தக்குழாய்தான் அந்த இடத்துக்கு ரத்தம் கொண்டுபோகிறது. அதோடு, பாதி பலம் வந்தாலே காலை ஊன்றி நடந்துவிடலாம். பாதி பலம் வந்த விரலை வைத்து ஊக்கு மாட்ட முடியுமா?

கொட்டாவியின்போது கை எழும்புவது பலருக்கும் நடக்கிறது. அதை அவர் சொல்லி வரவைக்க முடியாது என்பதால், 'கை வந்துவிட்டது' என்று கொண்டாட வேண்டாம். ஆனால் அதில் ஒரு செய்தி இருக்கிறது. தசை உயிரோடு இருக்கிறது, கைக்குப் போகும் நரம்பும் இருக்கிறது. மூளையில் நினைத்ததைக் கொண்டுசேர்க்கும் பாதைதான் பழுதாகிக் கிடக்கிறது. நாம் போடப்போவது மாற்றுப் பாதை.

தோள் வலியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தோள் ஆழமான கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கும் மூட்டு இல்லை, சுற்றியுள்ள தசைகள்தான் அதைத் தாங்கிப் பிடிக்கின்றன. தசை தளர்ந்திருக்கும்போது கையின் பாரமே மூட்டைக் கீழே இழுத்துவிடும். நாமும் நம் பங்குக்கு, எழுப்பிவிடுகிறேன் என்று அந்தக் கையைப் பிடித்து இழுக்கிறோம், அக்குளில் கை கொடுத்துத் தூக்குகிறோம். இரண்டையும் நிறுத்துங்கள். இடுப்பைப் பிடித்து எழுப்புங்கள். உட்காரும்போது முழங்கையும் முன்கையும் ஒரு தலையணைமேல் இருக்கட்டும், தொங்கவிட வேண்டாம். உத்தரத்தில் கயிறு போட்டு, நல்ல கையால் இழுத்து, வராத கையை மேலே தூக்குகிற கப்பிப் பயிற்சி வேண்டவே வேண்டாம், அது தோளைக் கெடுக்கும். கழுத்தில் மாட்டும் தூளி நடக்கும்போது மட்டும் போதும். நாள் முழுக்க மாட்டினால் கை மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும். எண்ணெய் தேய்க்கலாமா என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள், இப்போதே சொல்லிவிடுகிறேன். இதமாகத் தடவிவிடலாம், நெட்டி முறிக்கவும் உருவி இழுக்கவும் கூடாது. ஒத்தடம் கொடுப்பதற்கு முன் கண்ணை மூடச் சொல்லி, தொட்டால் தெரிகிறதா, சூடு குளிர்ச்சி தெரிகிறதா என்று பாருங்கள். உணர்ச்சி குறைந்த கை சுட்டாலும் சொல்லாது. வலியோடு புறங்கை வீங்கிச் சிவந்தால் மருத்துவரிடம் உடனே காட்டுங்கள்.

ஜாக்கெட் போடும்போது வராத கையை முதலில் நுழையுங்கள், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுங்கள். இந்த ஒரு பழக்கத்தினாலேயே பாதி தோள் வலி குறைவதைப் பார்த்திருக்கிறேன். ஹூக்குக்குப் பதில் முன்பக்கம் வெல்க்ரோ தைத்துக் கொடுத்தால் அவரே போட்டுக்கொள்வார்.

இனி உங்களுக்குக் கொஞ்சம் வருத்தம் தரக்கூடிய விஷயம். ஊட்டுவதை நிறுத்த வேண்டும்.

ஏன் ஊட்டுகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். வலது கை வரவில்லை, இடது கையால் சோற்றைத் தொட அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. என்னிடம் வருகிற பத்துப் பேரில் பாதிப் பேர் இங்கேதான் முட்டி நிற்கிறார்கள். வெளிநாட்டுப் பாடப்புத்தகங்களில் இதற்குப் பதில் கிடையாது, அவர்களுக்கு எந்தக் கையில் கரண்டி இருந்தாலும் ஒன்றுதான். நம் வீடுகளில் அப்படி இல்லை. அதனால் நான் அம்மாக்களிடம் போய் 'இடது கையால் சாப்பிடுங்கள்' என்று சொல்வதில்லை. 'ஸ்பூன் இடது கையில், தட்டு வலது கையில்' என்பேன். விளிம்பு உயர்ந்த தட்டை ஈரத்துணிமேல் வையுங்கள், நகராது. திறந்த வலது கையைத் தட்டின் ஓரத்தில் அணைத்தாற்போல் வைத்துவிடுங்கள். தட்டைப் பிடிப்பது அந்தக் கையின் வேலை. வேலை சின்னதுதான், ஆனால் மூன்று வேளையும் அந்தக் கை சாப்பாட்டுக்கு வந்து உட்காருகிறது, முந்தானைக்குள் போவதில்லை.

அடுத்த கட்டத்தில், காம்பில் துணி சுற்றித் தடியாக்கிய ஸ்பூனை வலது கையில் பிடிக்கவைத்து, இடது கையை மேலே சேர்த்து முதல் நாலு வாய் மட்டும் சாப்பிடட்டும். சோர்வதற்குள் மாற்றிவிடுங்கள். விரல் கொஞ்சம் விட ஆரம்பித்ததும் முறுக்கு, இட்லித் துண்டு என்று எடுத்து வாயில் போடக்கூடியவை. சோறு பிசைந்து கவளம் எடுப்பது கடைசி. நாம் யோசிக்காமல் செய்கிற அந்த வேலையில் ஐந்து விரலும் தனித்தனியாக உழைக்கின்றன.

எட்வர்ட் டாப் என்ற அமெரிக்க உளவியலாளர் குரங்குகளிடம் ஒன்றைக் கவனித்தார். ஒரு கையின் உணர்ச்சி நரம்பைத் துண்டித்தால் குரங்கு அந்தக் கையை அடியோடு விட்டுவிடும். ஆனால் நல்ல கையைக் கட்டிவைத்தபோது, விட்டுவிட்ட கையை மறுபடி எடுத்தது. கை முழுக்கச் செத்துப் போயிருக்கவில்லை. முயன்று முயன்று தோற்றதில், பயன்படுத்தாமல் இருப்பதையே குரங்கு கற்றுக்கொண்டிருந்தது. நான் மேலே சொன்ன 2006 ஆய்வு இதிலிருந்து வளர்ந்ததுதான். ஊட்டிவிடும் மகள், தண்ணீர் எடுத்துத் தரும் பேத்தி, ஜாக்கெட் மாட்டிவிடும் மருமகள் என்று பாசமான வீடுகளில் இந்தப் 'பயன்படுத்தாமை' சீக்கிரம் படிந்துவிடுகிறது.

இதைப் படித்துவிட்டு நாளைக்கே அம்மாவின் இடது கையைத் துணியால் கட்டிப்போடாதீர்கள்! ஒரு வீட்டில் அப்படிச் செய்து, அவர் தடுமாறி விழுந்தபோது ஊன்றக் கையில்லாமல் போனதை நான் அறிவேன். நல்ல கையில் உறை மாட்டும் அந்தச் சிகிச்சைக்கு, மணிக்கட்டையும் விரல்களையும் ஓரளவாவது தாமாக நிமிர்த்தத் தெரிய வேண்டும். முன்கையை மேசையில் வைத்து, கையை மட்டும் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, 'மேலே தூக்குங்கள்' என்று சொல்லிப் பாருங்கள். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் இன்னும் அந்த நிலை வரவில்லை என்று தோன்றுகிறது. வந்தால், தெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யலாம்.

எவ்வளவு செய்ய வேண்டும் என்று கேட்டால், இப்போது செய்வதைவிடப் பல மடங்கு. மூளையில் சேதம் ஏற்படுத்தப்பட்ட குரங்குகளைச் சின்னக் குழிகளிலிருந்து தீனி எடுக்கப் பழக்கியபோது, மூளையில் கைக்குரிய மிச்ச இடம் காப்பாற்றப்பட்டது என்று 1996-இல் ராண்டால்ப் நூடோ என்ற அமெரிக்க மூளை ஆய்வாளரின் குழுவினர் காட்டினார்கள். அந்தக் குரங்குகள் ஒரே அசைவை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை செய்தன. மனிதர்களுக்குச் சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது என்று அமெரிக்காவிலும் கனடாவிலும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். ஒரு அமர்வில் கையால் செய்த உருப்படியான வேலை சராசரியாக 32 தடவை. 2009-இல் வந்த இந்தக் கணக்கைப் படித்த அன்று எனக்கே வெட்கமாக இருந்தது. முக்கால் மணி நேரத்தில் நான் செய்வதும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே மீதி எண்ணிக்கை வீட்டில்தான் நடக்க வேண்டும். பயிற்சி என்று சொன்னால் பத்தில் அலுத்துவிடும். கீரை ஆய்வது, மொச்சை உரிப்பது, மேசை துடைப்பது என்றால் எண்ணுவதே மறந்துபோகும். இப்போதைக்கு வலது கை முறத்தை நகராமல் அழுத்திப் பிடிக்கட்டும், இடது கை உரிக்கட்டும். துடைக்கும்போது துணிமேல் வலது கையை வைத்து, அதன்மேல் இடது கையை வைத்து, முழங்கை நிமிரும்வரை முன்னால் தள்ளட்டும். அடுப்புப் பக்கம் மட்டும் இப்போது வேண்டாம்.

சரி, பூவுக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்குச் சந்தோஷம் தந்தது அம்மாவின் தொழில்தான். பூக்கட்டும்போது இடது விரல்கள் பூவை இணைத்துப் பிடிக்கின்றன, வலது கை நூலைச் சுற்றி, வளையம் போட்டு, இழுத்து முடிச்சு இறுக்குகிறது. சுற்றுவது கஷ்டம், இழுப்பது சுலபம். அதனால் கடைசியிலிருந்து தொடங்குங்கள். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பூவை வைத்து வளையம் வரை போடுங்கள். இழுத்து இறுக்குவது மட்டும் அம்மாவின் வலது கை. நூல் நழுவினால் நுனியில் ஒரு மரக்குச்சியைக் கட்டிக் கொடுங்கள், பிடிக்க வாகாக இருக்கும். மல்லிகை மொட்டில் ஆரம்பிக்காதீர்கள். சாமந்தி, சம்பங்கி என்று பெரிய பூ முதலில். கூடையிலிருந்து பூவை எடுத்துத் தட்டில் 'போடுவது' தனிப் பயிற்சி. எடுப்பதற்கல்ல, விடுவதற்கு. ஒரு சாமந்தியை விட அரை நிமிடம் ஆனாலும் அவசரப்பட்டு விரலைப் பிரித்துவிடாதீர்கள். முப்பது வருடப் பழக்கம் மூளையின் சேதமாகாத பகுதிகளிலும் பதிந்து கிடக்கும். பூ வாசனையோடு வருகிற கையசைவு பிளாஸ்டிக் கூம்பு அடுக்கச் சொன்னால் வருவதில்லை. இது என் அனுபவம்.

கைக்கு வேலை கொடுத்தே கையை மீட்பது நம் பக்கத்துக்குப் புதிதில்லை. கொல்லிமலையில் பிறந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1940-களின் இறுதியில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்குத் தசைநாண் மாற்றி அறுவை சிகிச்சை செய்யத் தொடங்கினார். அறுவை மட்டும் போதவில்லை, திறந்த கைக்கு வேலை தெரிய வேண்டியிருந்தது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை பழகினார்கள்.

வீட்டில் செலவில்லாமல் செய்யக்கூடிய இன்னொன்று கண்ணாடிச் சிகிச்சை. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை ஆய்வாளர் வி. எஸ். ராமச்சந்திரன், துண்டிக்கப்பட்ட கையில் வலி இருப்பதாக உணர்கிறவர்களுக்காக 1990-களில் கண்டுபிடித்தது. பிறகு பக்கவாதத்துக்கும் வந்தது. முகம் பார்க்கும் கண்ணாடியை மேசைமேல், அம்மாவின் நெஞ்சுக்கு நடுவே, பிம்பம் தெரியும் பக்கம் இடது கையைப் பார்க்கும்படி குறுக்குச் சுவர்போல் நிறுத்துங்கள். வலது கை கண்ணாடிக்குப் பின்னால் மறைந்திருக்கட்டும். இடது கையை விரித்து மூடி, அதன் பிம்பத்தை அம்மா பார்க்கட்டும். பார்க்கும்போது வலது கையே விரிவதுபோல் இருக்கும். அதே நேரம் மறைந்த கையையும் விரிக்க முயல வேண்டும். தினம் இருபது நிமிடம் போதும். மற்ற வேலைகளோடு சேர்த்துத்தான் இது பலன் தரும், இது மட்டும் போதாது. முதல் நாள் சிலர் அழுதுவிடுவார்கள், பயப்படாதீர்கள்.

அழுகை என்றதும் இன்னொன்று. கையை மறைப்பது, அழுவது இவற்றோடு தூக்கமும் பசியும் குறைந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு சாதாரணமாக வருகிறது, மருந்து உண்டு. பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை ஒரு நாளும் விடக்கூடாது. மறுபடி முகம் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, புதிதாகக் கை கால் தளர்ந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கே போவது? 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சை, அதாவது பிசியோதெரபி, வீட்டுக்கே வருகிறது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் எல்லா ஊரிலும் இல்லை என்பது எங்கள் துறையின் குறை. பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மறுவாழ்வு மருத்துவப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள். சென்னை கே. கே. நகரில் இதற்கென்றே அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யிலும் தனித்துறை உண்டு. தினமும் போக வேண்டியதில்லை. ஒருமுறை நேரில் காட்டி, விறைப்புக்கு ஊசி தேவையா, கையை நிமிர்த்தி வைக்க இரவில் மாட்டும் ஸ்ப்ளின்ட் என்ற தாங்கி வேண்டுமா என்று கேட்டு, வீட்டு வேலைத் திட்டம் எழுதி வாங்கி வந்தால் போதும். மாதம் ஒரு தடவை போய் அதை மாற்றி வாங்குங்கள். போகும்போது ஒரு பந்து பூவும் நூலும் கையோடு எடுத்துப் போங்கள், அம்மாவின் கையைப் பற்றித் தெரபிஸ்டுக்கு அதுவே நிறையச் சொல்லும்.

முன்னேற்றத்தை எப்படி அளப்பது? அம்மாவிடமே அளவுகோல் இருக்கிறது. முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை ஒரு முழம். வலது முன்கையை மேசையில் வைத்து, முடிந்த மட்டும் அவராகவே விரல்களை விரிக்கட்டும். அவர் இடது கையால் நூல் பிடித்து வலது கையில் முழம் போடட்டும். மூடிய கையின் முழம் குட்டையாகத்தான் இருக்கும். நூலை அந்த இடத்தில் வெட்டி, தேதி எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். மாதம் ஒரு நூல், ஒன்றன்கீழ் ஒன்றாக. இடது கை முழத்தையும் ஒரு நூலில் எடுத்து மேலே ஒட்டி வையுங்கள், எட்ட வேண்டிய அளவு அது. முதல் நூலை இந்த வாரமே ஒட்டிவிட்டு எனக்கு எழுதுங்கள்.